பழைய தறிக்கு மேல் ஒரு பெட்டி: ஜக்கார்ட் என்ற நெசவாளியின் கதை

கண்டி நகரைச் சுற்றியுள்ள வெல்டிங் பட்டறைகளில் வேலை செய்வோருக்கு காஸ் கட்டிங் புதிதல்ல. தடித்த இரும்புத் தகட்டைச் சுடரால் சூடாக்கி, அந்த இடம் கிட்டத்தட்ட 900 பாகை செல்சியஸைத் தொட்டதும் ஒட்சிசனைப் பீய்ச்சினால் இரும்பு எரிந்து கசடாகக் கீழே கொட்டும். சுடரை நகர்த்தினால் வெட்டு ஓடும். கையால் நகர்த்தினால் கோடு கோணும் என்பதால் இதற்கென்றே ஒரு இயந்திரம் வந்தது. இரண்டு தண்டவாளங்கள், அவற்றின் மேல் ஓடும் ஒரு பாலம், பாலத்தில் தொங்கும் டோர்ச். மறு முனையில் தகட்டில் வெட்டிய ஓர் அச்சு வடிவம் இருக்கும். காந்தச் சக்கரம் ஒன்று அதன் விளிம்பைச் சுற்றி வர, டோர்ச்சும் அதே பாதையில் ஓடும். இன்னும் சில இயந்திரங்களில் காந்தச் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு மின்கண், தாளில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போகும்.

இப்படியான பழைய இயந்திரத்துக்குக் கணினி பூட்டும் பேச்சு 2022இல் ரூபா விழுந்த பிறகு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. புதிய இயந்திரம் இறக்குமதி செய்யும் விலையை நினைத்தால் மயக்கமே வரும். ஆனால் இருக்கும் இயந்திரத்தின் தண்டவாளமும் பாலமும் நன்றாகத்தான் இருக்கின்றன. எரிவாயுக் குழாய்களும் டோர்ச்சும் வேலை செய்கின்றன. மாற்ற வேண்டியது அதற்கு வழி சொல்லும் பகுதியை மட்டும்தான். காந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நீளப் பக்கத்துக்கு ஒன்றும் அகலப் பக்கத்துக்கு ஒன்றுமாக மோட்டார் பூட்டி, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை இணைத்தால், வடிவம் பென் டிரைவில் எண்களாக வந்து சேரும்.

சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. சுடர் தின்னும் அகலத்தில் பாதியைக் கணக்கில் எடுத்து டோர்ச்சின் பாதையைத் தள்ளி வைக்காவிட்டால் துண்டு சிறுத்துப் போகும். பிளாஸ்மா டோர்ச் என்றால் அது கிளப்பும் மின் இரைச்சலில் கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பி, மோட்டார் தன்பாட்டுக்கு ஓடும். கம்பிகளுக்குக் கவசம் போட வேண்டும், புவித்தொடுப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். துளையிடும் முன் எத்தனை வினாடி சூடாக்குவது என்ற எண்ணைப் பெட்டிக்குள் பதிவதும், சுடரின் நிறத்தைப் பார்த்தே தகட்டின் பதத்தைச் சொல்லும் அனுபவசாலியிடம் கேட்டுத்தான்.

பழைய உடலை அப்படியே விட்டுவிட்டு வழிகாட்டும் பகுதியை மட்டும் மாற்றும் இந்த வித்தையைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியவரின் காலத்தில் மின்சாரமே பாவனையில் இல்லை. அவர் ஒரு பட்டு நெசவாளியின் மகன். பெயர் ஜோசப் மரி ஜக்கார்ட். காஞ்சிபுரத்திலும் வாரணாசியிலும் தறிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்ட் பெட்டிக்கு அவர் பெயர்தான். நம்மில் பலர் கேட்ட பெயர், ஆனால் ஆளைத் தெரியாது.

1752 ஜூலை 7ஆம் திகதி பிரான்ஸின் லியோன் நகரில் பிறந்தார். குடும்பப் பெயர் உண்மையில் ஷார்ல். அந்தப் பக்கத்தில் ஷார்ல் குடும்பங்கள் அதிகம் என்பதால் இந்தக் கிளைக்கு ஜக்கார்ட் என்ற பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒன்பது பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் இவரும் ஒரு சகோதரியும் மட்டும். தகப்பன் தறிப் பட்டறை வைத்திருந்த நெசவாளி. தாய் அந்துவானெத் செய்த வேலை நமக்கு முக்கியம். அவர் வடிவம் வாசிப்பவர்.

பூவும் கொடியுமாக ஓவியர் வரைந்து தரும் படத்தைக் கட்டம் போட்ட தாளில் ஏற்றி, ஒவ்வொரு வரியாக வாசித்து, இந்த ஊடைக்கு இந்தப் பாவு இழைகள் மேலே வர வேண்டும் என்று தறியின் கயிறுகளில் கட்டித் தருவதுதான் வடிவம் வாசிப்பவரின் வேலை. படத்தை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாகப் பிரிப்பது. இன்றைக்கு ஒரு கேற்றின் பூ வேலைப்பாட்டைக் கணினியில் வரைந்து, வெட்டும் இயந்திரத்துக்கு ஏற்ற ஜி-கோட் வரிகளாக மாற்றிக் கொடுக்கும் இளைஞர் செய்வதும் அதுதான். ஜக்கார்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தகப்பனின் தறியைப் பற்றிச் சொல்லும் அளவுக்குத் தாயின் வேலையைப் பற்றிச் சொல்வதில்லை. என் பார்வையில் கதையின் சாவி அந்தத் தாயிடம்தான் இருக்கிறது.

அவர் மகனுக்குப் பத்து வயதிருக்கும்போது, 1762இல், இறந்துபோனார்.

பூவேலைப் பட்டு நெய்யும் அந்தக் காலத்துத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே உட்கார்ந்து நாடாவை எறிந்து நெய்வார். மற்றவர் பக்கத்தில் நின்றோ மேலே ஏறியோ, ஒவ்வொரு ஊடைக்கும் சரியான கயிற்றுக் கட்டைப் பிடித்து இழுத்து, பாரமான பாவு இழைகளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலை பெரும்பாலும் சிறுவர் சிறுமியருக்கு. நாள் முழுக்க வளைந்து நிமிர்ந்து வளரும் உடம்பு கோணலாகிப் போகும். ஒரு கயிறு மாறி இழுபட்டால் விலையுயர்ந்த பட்டில் பிழை விழும். அந்தப் பிள்ளைகளுக்குள்தான் ஜக்கார்டும் வளர்ந்தார். முறையான பள்ளிப் படிப்பு இல்லை. சகோதரியை மணந்த பரே என்ற அச்சகக்காரர் எழுத்து வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்.

1772இல் தகப்பனும் போய்விட, வீடு, தறிகள், லியோனுக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு கல்லுடைப்புக் குழி எல்லாம் கைக்கு வந்தன. கையில் வந்த சொத்தைக் காப்பாற்றத் தெரியாத ஆள் அவர். 1778இல் கிளோதின் புவஷோன் என்ற விதவையை மணந்தார். வியாபாரம் செய்து பார்த்தார், கடன் ஏறியது, பெரும்பாலானதை விற்றார். மனைவி வைக்கோல் தொப்பி பின்னிப் பிழைக்கும் நிலை வந்தது. அவரே சுண்ணாம்புச் சூளையில் கூலி வேலை செய்ததாகச் சொல்வார்கள். ஐம்பது வயதை நெருங்கும் வரை அவருடைய வாழ்க்கையில் பெருமைப்பட எதுவும் நடக்கவில்லை.

நடந்தது ஒரு பேரிழப்பு. பிரெஞ்சுப் புரட்சியின்போது லியோன் நகரம் பாரிஸ் அரசுக்கு எதிராக எழுந்தது. 1793இல் படைகள் நகரத்தை முற்றுகையிட்டபோது நகரத்தின் பக்கம் நின்று போரிட்டவர்களில் ஜக்கார்டும் ஒருவர். நகரம் விழுந்ததும் பழிவாங்கல் தொடங்கியது. அவர் தன் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு தப்பி, பெயரை மாற்றி, எந்தப் படைக்கு எதிராகப் போரிட்டாரோ அதே புரட்சிப் படையிலேயே சேர்ந்துகொண்டார். உயிர் தப்புவதற்காக எதிர்ப் பக்கத்துச் சீருடையை அணிவது என்னவென்று இந்த நாட்டு வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பதின்ம வயதைத் தாண்டாத அந்த மகன் போர்க்களத்தில் தகப்பனின் பக்கத்திலேயே சுடப்பட்டு இறந்தான். மகனில்லாமல், கைக்காசும் இல்லாமல் அவர் லியோனுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகுதான் இயந்திரம். கயிறு இழுக்கும் பிள்ளை இல்லாமல் நெசவாளியே காலால் மிதித்து வடிவத்தை எழுப்பும் ஒரு தறியைச் செய்து 1801இல் பாரிஸ் கைத்தொழில் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மீன்வலை பின்னும் இயந்திரம் ஒன்றையும் செய்தார். அது அதிகாரிகளின் கண்ணில் பட, பாரிஸில் பழைய இயந்திரங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் கலை, தொழில் காப்பகத்தில் வேலை செய்ய அழைத்தார்கள்.

அந்தக் காப்பகத்தில் ஒரு பழைய தறி கிடந்தது. இயங்கும் பொம்மை வாத்து செய்து ஐரோப்பாவையே வியக்க வைத்த வோகன்சோன் 1740களில் செய்தது. தறியின் தலைக்கு மேல் துளையிட்ட ஓர் உருளை சுழன்று, எந்த இழை எழ வேண்டும் என்று தீர்மானிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் உருளையின் சுற்றளவுக்கு மேல் வடிவம் நீள முடியாது. ஒரு சுற்று முடிந்தால் அதே வடிவம் திரும்ப வரும். செலவும் அதிகம். வோகன்சோனுக்கு லியோனில் நல்ல பெயரும் இல்லை. அவர் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளுக்கு எதிராக 1744இல் பட்டுத் தொழிலாளர்கள் கிளர்ந்தபோது நகரத்தை விட்டே ஓடியவர் அவர்.

வோகன்சோனுக்கும் முன்னால் இருவர் இருந்தார்கள். 1725இல் பசில் புஷோன் என்பவர் துளையிட்ட தாள் சுருளைக் கொண்டு தறியின் ஊசிகளைக் கட்டுப்படுத்தினார். தாள் கிழியும். மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய உதவியாளர் பல்கோன் தாளுக்குப் பதிலாகத் தடித்த அட்டைகளை நூலால் கோத்துச் சங்கிலியாக்கினார். அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் வடிவம் எவ்வளவு நீளத்துக்கும் போகும். ஆனால் அதை இயக்க இன்னும் ஒரு உதவியாள் தேவைப்பட்டார்.

ஜக்கார்ட் செய்தது இவற்றைச் சேர்த்தது. பல்கோனின் அட்டைச் சங்கிலியை எடுத்தார். வோகன்சோன் தறியின் தலைக்கு மேல் வைத்த அமைப்பை எடுத்தார். உருளைக்குப் பதிலாக நான்கு முகங்கள் கொண்ட ஒரு சதுரக் கட்டையைப் பூட்டினார். நெசவாளி மிதியை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டை கால் சுற்றுத் திரும்பி அடுத்த அட்டையை ஊசிகளின் முன் கொண்டுவந்து அழுத்தும். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதோடு சேர்ந்த கொக்கி தன் இடத்தில் நிற்கும், மேலே எழும் சட்டம் கொக்கியைப் பிடித்துப் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்படும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. துளை உண்டா இல்லையா, இரண்டே பதில்.

கீழே இருக்கும் தறியைத் தொட வேண்டியதில்லை. பாவு, நாடா, மிதி எல்லாம் முன்பு போலவேதான். பெட்டியை மேலே ஏற்றிப் பூட்டி, இழைகளை அதன் கொக்கிகளோடு இணைத்தால் போதும். அதனால்தான் அது பரவியது. இருப்பதை எறிந்துவிட்டு முழுதாகப் புதிதை வாங்கு என்று சொல்லியிருந்தால் லியோனின் ஏழை நெசவாளர்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காதவர், பிறர் யோசனைகளைப் பொறுக்கிக் கட்டியவர் என்று அவரைக் குறைத்துச் சொல்வோரும் உண்டு. பழைய இயந்திரம் ஒன்றைப் பிரித்து, வேறு வேறு இடத்து உதிரிப்பாகங்களைக் கொண்டு ஓட வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1804இல் இயந்திரம் தயாராகி, 1805 ஏப்ரலில் லியோனுக்கு வந்த நெப்போலியன் அதைப் பார்வையிட்டார். இயந்திரத்தின் உரிமை லியோன் நகரத்துக்கு என்று தீர்மானமாயிற்று. ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியமும், விற்கும் தறி ஒவ்வொன்றுக்கும் சில ஆண்டுகளுக்கு 50 பிராங்கும் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு தனி ஆளின் கையில் உரிமை இருந்து, வாங்குவோர் எல்லாரும் அவரிடம் கைகட்டி நிற்கும் நிலை வராமல் போனதற்கு இந்த ஏற்பாடு காரணம். இன்று கணினிக் கட்டுப்பாட்டுக்குத் திறந்த மூல மென்பொருள்களை இலவசமாக இறக்கிப் பழைய இயந்திரங்களுக்குப் பூட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் லியோனின் தெருவில் நன்றி சொன்னவர்கள் குறைவு. கயிறு இழுக்கும் ஆளுக்கு வேலை போகிறது. அந்தக் கூலி எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கொண்டுவந்த காசு. பூவேலை நெய்யத் தனித் திறமை வேண்டும் என்று தலை நிமிர்ந்து நடந்தவர்களுக்கு, மிதியை மிதிக்கத் தெரிந்தால் போதும் என்ற நிலை வருகிறது. அவருடைய இயந்திரத்தை நடுச் சதுக்கத்தில் போட்டு உடைத்தார்கள், அவரையே ரோன் ஆற்றில் தள்ளப் பார்த்தார்கள் என்று கதைகள் உண்டு. பின்னாளில் ஊதிப் பெருத்த கதைகளாக இருக்கலாம். எதிர்ப்பு மட்டும் பொய்யல்ல. அந்த எதிர்ப்பில் ஒரு பங்கு இயந்திரத்தின் கோளாறுகளுக்கும் உரியது. ஆரம்பகாலப் பெட்டிகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன, பட்டுக் கெட்டது. ஏறத்தாழ 1815இல் பிரெதோன் என்ற இயந்திரக் கைவினைஞர் அட்டைகளை அழுத்தும் பகுதியைத் திருத்திய பிறகுதான் அது நம்பகமான பெட்டியாயிற்று. அவர் பெயரை எந்தத் தறியும் சுமக்கவில்லை. அதற்குள் பிரான்ஸில் சுமார் 11,000 தறிகளில் இந்தப் பெட்டி ஏறிவிட்டது என்று 1812ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது.

பெட்டி தறிக்கு மேல் நிற்பதால் வீடுகளும் மாறின. லியோனின் குருவா ரூஸ் குன்றில் நெசவாளர்களுக்காகக் கட்டிய வீடுகளின் கூரை உயரம் நான்கு மீற்றர். பெரிய ஜன்னல்கள். தறி கீழே, குடும்பம் மேலே பரணில். அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

கயிறு இழுத்த பிள்ளைகளின் வேலை போனது உண்மை. அந்த வேலை அவர்களின் முதுகை முறித்ததும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காமல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. மலையகத்தில் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தேயிலைத் தொழிற்சாலைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பும் நாரும் பொறுக்கிய வேலையைக் கலர் சோர்ட்டர் என்ற கமரா இயந்திரம் செய்கிறது. மணிக்கணக்கில் குனிந்து பொறுக்கும் வேலை யாருக்கும் ஆசையான வேலை அல்ல. ஆனால் மிச்சமான கூலி அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வேறு வழியில் வந்ததா என்பது இன்னொரு கேள்வி. கண்டிக்கு அருகே தும்பறையில் சணல் போன்ற ஹண நாரில் பாய் நெய்கிறவர்களின் கைவினையை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அட்டையும் இல்லை, பெட்டியும் இல்லை, வடிவம் கையிலும் நினைவிலும்தான். பட்டியலில் ஏறிய பெருமையால் மட்டும் பிள்ளைகள் அந்தத் தறியில் உட்காரப் போவதில்லை. நாள் கூலி கட்டுப்படியாக வேண்டும்.

லியோனிலும் பிரச்சினை கூலியில்தான் வெடித்தது. பட்டு வியாபாரிகள் நூலைக் கொடுத்து நெய்த துணியை வாங்குவார்கள். தறி நெசவாளியுடையது, விலை வியாபாரியுடையது. குறைந்தபட்ச விலை ஒன்றுக்கு 1831இல் உடன்பாடு வந்து, அதை வியாபாரிகள் பலர் ஏற்க மறுக்கவே, நவம்பரில் நெசவாளர்கள் குருவா ரூஸ் குன்றிலிருந்து இறங்கி நகரத்தையே கைப்பற்றினார்கள். படை வந்து அடக்கியது. 1834 ஏப்ரலில் மறுபடி எழுந்தார்கள், மறுபடி இரத்தம் சிந்தியது. இந்த முறை எதிரி ஜக்கார்டின் பெட்டி அல்ல. அதற்குள் அது அவர்களுடைய பிழைப்பின் பகுதியாகிவிட்டது. பெட்டியால் கூடிய விளைச்சலின் பலன் எந்தப் பையில் விழுகிறது என்பதுதான் சண்டை.

அப்போது ஜக்கார்ட் லியோனுக்கு அருகே ஊலன் என்ற ஊரில் தோட்டத்தோடு ஒரு வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்ந்தார். 1819இல் அரசு உயர் விருதும் கொடுத்திருந்தது. அவருடைய தறிகளில் நெய்தவர்கள் சில கிலோமீற்றர் தொலைவில் சுடப்பட்டு விழுந்த அதே ஆண்டு, ஆகஸ்ட் 7ஆம் திகதி, 82 வயதில் இறந்தார். 1840இல் லியோன் அவருக்குச் சிலை வைத்தது.

அதற்கு ஓராண்டு முன்பு கர்க்கியா என்ற நெசவாளர் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார். ஆயிரக்கணக்கில் துளையிட்ட அட்டைகள், எண்ணிக்கை ஏறத்தாழ 24,000. கையில் கவராயத்தோடு, பக்கத்தில் அட்டைகளும் தறியின் மாதிரியுமாக நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர். செப்புத் தகட்டில் அச்சிட்ட படம் என்றே பலர் ஏமாந்தார்கள். அதில் ஒரு பிரதியை வாங்கி இலண்டனில் தன் வீட்டுச் சுவரில் மாட்டியவர் சார்ல்ஸ் பாபேஜ். அவர் அப்போது வடிவமைத்துக்கொண்டிருந்த கணக்கியந்திரத்துக்கு அந்த அட்டைகளையே கட்டளையாகக் கொடுக்க நினைத்தார். அந்த இயந்திரம் கட்டி முடிக்கப்படவில்லை. அட்டை பிழைத்துக்கொண்டது. அமெரிக்காவின் 1890 குடிசன மதிப்பீட்டை ஹொலரித் துளை அட்டைகளால் எண்ணினார். பிறகு கணினிகள் வந்தபோது அவையும் பல பத்தாண்டுகள் துளை அட்டையில்தான் கட்டளை வாங்கின.

அட்டை உலோகம் வெட்டப் போனது 1952இல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் எண்களால் கட்டுப்படும் உலகின் முதல் மில்லிங் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இயந்திரம் மட்டும் புதிதல்ல. ஏற்கெனவே பாவனையில் இருந்த சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் இயந்திரம் ஒன்றின் கைப்பிடிகளுக்குப் பதிலாக மோட்டார்களைப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த மில்லிங் இயந்திரத்தை விடப் பெரிது.